வீட்டிலேயே பள்ளி: எப்படித் தாக்குப் பிடித்தீர்கள் என்று கேட்டவர்களுக்கு

 

போன வெள்ளிக்கிழமை அன்னதானப் பந்தி முடிந்து தட்டு கழுவிக்கொண்டிருந்தபோது ஒரு தம்பதி எங்களை ஓரமாக அழைத்துப் பேசினார்கள். அவர்கள் மகனுக்கும் உடம்பு சரியில்லை, கொஞ்ச காலம் வீட்டில் வைத்துத்தான் படிக்க வைக்க வேண்டிய நிலைமை. “அண்ணே, அக்கா, நாலு வருசம் எப்படித் தாக்குப் பிடிச்சீங்க? எங்களுக்கு மூனாவது மாசமே கை விட்டுப் போகுது” என்றார்கள். அந்த இடத்தில் நின்று சொல்லி முடிக்கிற கதை இல்லை. இதே கேள்வியை இன்னும் இரண்டு மூன்று பேர் வெவ்வேறு நேரத்தில் கேட்டிருக்கிறார்கள். அதனால் இங்கேயே எழுதி விடுகிறோம். நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் என்றால் வீட்டு அம்மாவும் அப்பாவும். தட்டச்சு செய்வது அப்பா, பக்கத்தில் உட்கார்ந்து திருத்துவது அம்மா. படிப்பு என்று பார்த்தால் அப்பா எஸ்.பி.எம்., அம்மா எஸ்.ஆர்.பி. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எஸ்.ஆர்.பி. என்றால் என்னவென்றே தெரியாது. பி.எம்.ஆர். வருவதற்கு முன்னால் மூன்றாம் படிவத்தில் இருந்த சோதனை. அப்பா தொழிற்சாலையில் சூப்பர்வைசர், 12 மணி நேர ஷிப்ட், பகலும் உண்டு இரவும் உண்டு. இதை ஏன் சொல்கிறோம் என்றால், “நீங்க படிச்சவங்க, உங்களால முடிஞ்சது” என்று யாரும் நினைக்க வேண்டாம் என்பதற்காகத்தான்.

எங்கள் மகளுக்கு 2021-ல், இரண்டாம் படிவம் படிக்கும்போது லூப்பஸ் என்று கண்டுபிடித்தார்கள். உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே உடம்பைத் தாக்குகிற நோய். மூட்டு வலி, அசதி, முடி கொட்டும், வெயில் பட்டால் கன்னம் சிவந்து தடித்து விடும். மருந்து சாப்பிட்டால் முகம் ஊதும். பதினாலு வயசுப் பெண் பிள்ளைக்கு முகம் ஊதுவது என்றால் என்னவென்று பெண்ணைப் பெற்றவர்களுக்குத் தெரியும். அதோடு எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கிற மருந்து, வெளியே கோவிட். மருத்துவரோடு பேசித்தான் முடிவு எடுத்தோம். ஒன்று தெளிவாகச் சொல்லி விடுகிறோம்: லூப்பஸ் உள்ள பிள்ளைகள் எல்லாம் பள்ளியை விட வேண்டியதில்லை. நிறையப் பிள்ளைகள் தொப்பியும் கிரீமும் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போகிறார்கள். எங்கள் மகளுக்கு அந்த நேரத்தில் முடியவில்லை, அவ்வளவுதான்.

சட்டத்தையும் சொல்லி விடுகிறோம். 2003 முதல் நம் நாட்டில் ஆறு ஆண்டு தொடக்கக் கல்வி கட்டாயம். 1996 கல்விச் சட்டத்தைத் திருத்திக் கொண்டுவந்தது அது. தொடக்கப்பள்ளி வயதுப் பிள்ளையை வீட்டில் வைத்துப் படிக்க வைக்க அமைச்சின் விலக்கு வேண்டும். எங்கள் மகள் அப்போது இடைநிலைப்பள்ளி, அதனால் எங்கள் நிலைமை வேறு. சட்டம் மாறும், ஆகவே யாராக இருந்தாலும் முதலில் பி.பி.டி. அலுவலகத்துக்குப் போய் நேரில் கேளுங்கள், மருத்துவர் கடிதத்தைக் கையோடு கொண்டு போங்கள். சில அரசாங்க மருத்துவமனைகளுக்குள்ளேயே கல்வி அமைச்சு நடத்துகிற பள்ளி இருக்கிறது, வார்டில் படுத்திருக்கிற பிள்ளைகளுக்கு ஆசிரியர் வந்து பாடம் எடுப்பார்கள். அதையும் விசாரியுங்கள். நிறையப் பெற்றோருக்கு இது தெரிவதில்லை.

சரி, தாக்குப் பிடித்த கதைக்கு வருவோம்.

முதல் ஆறேழு மாதம் கஷ்டமே தெரியவில்லை. ஏனென்றால் நாட்டில் எல்லாப் பிள்ளையும் வீட்டில்தான். 2020 மார்ச் 18-ல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்ததிலிருந்து பள்ளி திறப்பதும் மூடுவதுமாக இருந்தது. 2021 பிப்ரவரியில் டிடிக் டிவி வேறு ஆரம்பித்தார்கள். எங்கள் மகள், கீழே ஆண்டு 4 படிக்கிற தம்பி, பக்கத்து வீட்டுப் பிள்ளை எல்லாரும் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு ஒரே மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். இவள் மட்டும் தனி என்று யாருக்கும் தோன்றவில்லை, அவளுக்கும் தோன்றவில்லை.

அந்த அக்டோபரில் பள்ளிகள் படிப்படியாகத் திறந்தன. அடுத்த மார்ச்சில் புதிய பள்ளித் தவணை. தம்பி புதுச் சப்பாத்து போட்டுக்கொண்டு வேனில் ஏறினான். மகள் சன்னலில் நின்று பார்த்தாள். அன்றையிலிருந்துதான் உண்மையான வீட்டுப் பள்ளி. காலை எட்டு மணிக்கு டேமன் முழுக்கச் சத்தமே இல்லை, எல்லாரும் போய் விட்டார்கள், இவளும் அம்மாவும் பாட்டியும் மட்டும். பத்து மணிக்கெல்லாம் அம்மாவுக்கே தூக்கம் வரும். புத்தகத்தைத் திறந்தால் பிள்ளை “நாளைக்குப் பார்க்கலாம்மா” என்பாள். அது சோம்பலா வலியா என்று பிரித்துப் பார்க்க முடியாது. நோய்ப் பிள்ளையை வீட்டில் படிக்க வைப்பதில் இதுதான் பெரிய சிக்கல். அதட்டினால் பாவம், விட்டால் நாள் போகிறது.

இங்கேதான் தொழிற்சாலைப் பழக்கம் ஒன்று கை கொடுத்தது. ஷிப்ட் மாறும்போது வெளியே போகிற சூப்பர்வைசர் ஒரு புத்தகத்தில் எழுதி வைப்பார்: எந்த மெஷின் ஓடியது, எது நின்றது, ஏன் நின்றது, அடுத்த ஷிப்ட் எதைக் கவனிக்க வேண்டும். வருகிறவர் அதைப் படித்துக் கையெழுத்துப் போட்டு விட்டுத்தான் லைனில் இறங்குவார். எவ்வளவு களைப்பாக இருந்தாலும், சண்டை போட்டிருந்தாலும் அந்தப் புத்தகம் எழுதாமல் போக முடியாது. அதே மாதிரி நீளமான கணக்குப் புத்தகம் ஒன்றை இரண்டு வெள்ளிக் கடையில் வாங்கி வந்து சாப்பாட்டு மேசையில் வைத்தோம். காலை ஷிப்ட் அம்மா, மாலை ஷிப்ட் அப்பா. இரவு ஷிப்ட் வாரத்தில் தலைகீழ், அப்பா காலையில் வந்து ஒன்பதரை வரை பார்த்து விட்டுத் தூங்கப் போவார்.

எழுதுவது ரொம்பச் சின்னதாகத்தான். “கணிதம் 3-ஆம் பாடம் பாதி. விரல் வீக்கம், பேனா பிடிக்கவில்லை, வாயால் சொன்னாள். மாலைக்கு மீதி பாதி.” அவ்வளவுதான். அம்மா மூன்றாவதாக ஒரு கட்டம் போட்டார்கள், என்ன சாப்பிட்டாள் என்று. அதுவும் நல்லதாகப் போயிற்று, கிளினிக்கில் மருத்துவர் கேட்டபோது புத்தகத்தையே நீட்டினோம்.

முக்கியமானது இதுதான். வலி அதிகமான நாளை நாங்கள் ‘லீவு’ என்று எழுதவில்லை, ‘வரவில்லை’ என்றும் எழுதவில்லை. ‘மெயின்டனன்ஸ்’ என்று எழுதினோம். மெஷினை நிறுத்தி எண்ணெய் போட்டால் அது சோம்பேறி மெஷின் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அந்த வார்த்தை வந்ததிலிருந்து மகள் தானாகவே காலையில் “இன்னிக்கு மெயின்டனன்ஸ்பா” என்பாள். சில நாள் காலையில் மெயின்டனன்ஸ் சொல்லி விட்டு, மாலையில் அவளே வந்து “ஒரு மணி நேரம் ஓடும் போல” என்பாள். வலியா சோம்பலா என்ற விசாரணை வீட்டில் நின்று போயிற்று. எங்களுக்கு அதுவே பாதி பாரம் இறங்கின மாதிரி.

இரண்டாம் வருடத்திலிருந்து மகளும் அதில் எழுதத் தொடங்கினாள். ஒரு பக்கத்தில் “அப்பா சமன்பாடு சொல்லிக் கொடுத்துக்கொண்டே தூங்கி விட்டார். எழுப்பவில்லை. மீதியை நானே செய்தேன், விடை சரி” என்று இருக்கிறது. எங்களுக்குத் தளர்ச்சி வந்த நாளில் எல்லாம் பழைய பக்கங்களைத் திருப்பிப் பார்ப்போம். போன மாதம் பாதிப் பாடம் முடிக்க நாலு நாள் ஆன பிள்ளை இந்த மாதம் ஒரே நாளில் முடித்திருக்கிறாள் என்று கண்ணுக்குத் தெரியும். ஊக்கம் ஊக்கம் என்று யூடியூப்பில் நிறையப் பேர் பேசுகிறார்கள், கேட்டால் அந்த ராத்திரி நன்றாகத்தான் இருக்கும். எங்களுக்கு அந்த இரண்டு வெள்ளிப் புத்தகம்தான் வேலை செய்தது. மொத்தம் ஏழு புத்தகம் முடிந்தது, எல்லாம் இருக்கிறது.

பாடத்தைப் பற்றி. அறிவியல் அம்மா பார்த்துக்கொண்டார்கள், யாரும் நம்ப மாட்டார்கள், ஆனால் சமையல்கட்டில் வைத்தே பாதி முடிந்தது. கணிதம் அப்பா. நான்காம் படிவத்தில் திட்ட விலக்கம் வருகிறது. எங்கள் காலத்தில் அதை மனப்பாடம் செய்ததோடு சரி. ஆனால் தொழிற்சாலையில் தினமும் அதோடுதான் குடும்பம் நடத்துகிறோம். தரக் கட்டுப்பாட்டு வரைபடத்தில் நடுக்கோடு சராசரி, மேலேயும் கீழேயும் இருக்கிற எல்லைக் கோடு திட்ட விலக்கத்தை மூன்றால் பெருக்கிப் போடுவது. புள்ளி கோட்டைத் தாண்டினால் லைனை நிறுத்தணும். இதைச் சொன்னதும் பிள்ளைக்குப் பட்டென்று பிடித்துக்கொண்டது. தன் காய்ச்சல் அளவை எழுதி வைத்து அதற்கே ஒரு வரைபடம் போட்டாள்.

வரலாறு வேறு கதை. 2013 முதல் எஸ்.பி.எம். சான்றிதழ் வேண்டுமென்றால் மலாய்மொழியோடு வரலாறும் கட்டாயம் தேர்ச்சி பெற வேண்டும். எத்தனை ஏ எடுத்தாலும் செஜாரா போனால் சான்றிதழ் போச்சு. அது தெரிந்ததும் எங்களுக்கு வயிற்றைக் கலக்கியது. ஏனென்றால் மகளுக்கு அறவே பிடிக்காத பாடம் அதுதான். ஆண்டும் பெயரும் மண்டையில் ஏறாது, மருந்து சாப்பிட்ட அசதியில் புத்தகத்தின் மேலேயே தலை சாய்ந்து விடும்.

காப்பாற்றியது பாட்டி. அப்பாவின் அம்மா, 1941-ல் தோட்டத்தில் பிறந்தவர்கள், பள்ளிக்கூடப் படியே அதிகம் மிதிக்காதவர்கள். ஒரு நாள் மகள் சத்தமாக ‘டாருராட்’ பாடத்தை வாசித்துக்கொண்டிருந்தாள், 1948-ல் தொடங்கி 1960 ஜூலை 31-ல் முடிந்த அவசரகாலம். கீரை ஆய்ந்துகொண்டிருந்த பாட்டி, “அது கம்பி போட்ட காலமில்ல?” என்றார்கள். லயத்தைச் சுற்றி முள்வேலி போட்டதையும், பால் வெட்டப் போகிறவர்கள் கேட்டைத் தாண்டும்போது அரிசி, சாப்பாடு எதுவும் காட்டுக்குள் இருக்கிறவர்களுக்குப் போய்விடக் கூடாது என்று தூக்குச்சட்டியைத் திறந்து காட்டச் சொன்னதையும், இருட்டினால் வெளியே போக முடியாததையும் சொல்லச் சொல்லப் பிள்ளை பேனாவை எடுத்து எழுதிக்கொண்டாள். புத்தகத்தில் மூன்று வரியாக இருந்தது பாட்டி வாயில் ஒரு மத்தியானம் முழுக்க ஓடியது.

பிறகு அது பழக்கமாகி விட்டது. ஜப்பான்காரன் காலம் வந்தபோது பாட்டி தன் பெரியப்பாவைப் பற்றிச் சொன்னார்கள். சயாம் மரண ரயில் போட 1943-ல் லாரியில் ஏற்றிக்கொண்டு போன ஆள், திரும்பி வரவில்லை. பாட்டிக்கு அவர் முகம் ஞாபகம் இல்லை, அவர் அம்மா ஒவ்வொரு தீபாவளிக்கும் அவருக்கென்று தனியாக ஒரு வேட்டி எடுத்து வைத்தது மட்டும் ஞாபகம். எங்களுக்கே அன்றுதான் அந்தக் கதை தெரியும். இத்தனை வருடம் அதே வீட்டில் இருந்திருக்கிறோம். மகள் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அந்த வாரம் புத்தகத்தில் செஜாரா கட்டத்தில் ‘மெயின்டனன்ஸ்’ ஒரு நாள்கூட இல்லை.

இப்போது மனிதர்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கோவில் மக்கள் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். முதல் இரண்டு வருடம் பிரசாத வரிசையில் நின்றால் மகளைப் பார்த்து “ஏம்மா ஸ்கூல் போகலையாமே? பயந்துக்கிட்டியா?” என்று கேட்பார்கள். “முகம் ஏன் இப்படி ஊதிப் போச்சு, சாப்பாட்டைக் கொறச்சுக்க” என்று ஒருவர். அன்பில்தான் கேட்கிறார்கள், தெரிகிறது. ஆனால் அப்படிக் கேட்ட இரவெல்லாம் எங்கள் வீட்டில் சாப்பாடு இறங்காது. மறுநாள் மெயின்டனன்ஸ்தான், உடம்புக்கு இல்லை. இனி யாராவது ஒரு பிள்ளையைப் பள்ளி நேரத்தில் கோவிலில் பார்த்தால் “சாமி கும்பிட்டியாம்மா” என்று மட்டும் கேளுங்கள். மற்றதைப் பெற்றோரிடம் தனியாகக் கேளுங்கள், நாங்கள் சொல்வோம்.

அதே கோவில்தான் எங்களைத் தூக்கியும் விட்டது, அதையும் சொல்லாமல் விட்டால் அம்பாளுக்கே பொறுக்காது. பணி ஓய்வு பெற்ற ஒரு ஆசிரியை அம்மா ஞாயிற்றுக்கிழமை காலை பூசை முடிந்ததும் மண்டபத்தில் ஒன்றரை மணி நேரம் மகளோடு மலாயில் மட்டும் பேசுவார்கள். எஸ்.பி.எம். மலாய்மொழியில் பேச்சுத் தேர்வு இருக்கிறது. மூன்று வருடமாக வீட்டுக்குள் தமிழிலேயே பேசிக்கொண்டிருக்கிற பிள்ளை மலாயில் எப்படி வாய் திறக்கும்? அந்த அம்மா பாடப் புத்தகத்தையே தொடவில்லை. கோவில் கதை, சமையல், பசாரில் மீன் விலை எல்லாம் மலாயில். ஒரு காசு வாங்கவில்லை. தீபாவளிக்குச் சேலை எடுத்துக்கொண்டு போனோம், அதைக் கோவில் அம்பாளுக்குச் சாத்தச் சொல்லி விட்டார்கள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறரைக்கு மேல், வெயில் இறங்கின பிறகு, மகள் பூக்கட்ட வருவாள். அங்கே நாலைந்து பெண் பிள்ளைகள். பள்ளிக் கதை பேசுவார்கள், எந்த டீச்சர் எப்படி, யார் யாரோடு சண்டை. தான் போகாத பள்ளியின் செய்தி எல்லாம் இவளுக்குத் தெரியும். வீட்டில் எத்தனை பாடம் நடத்தினாலும் இதை எங்களால் கொடுக்க முடியாது. பிறகு அந்தப் பிள்ளைகளோடு சேர்ந்து இந்து சங்கத்தின் திருமுறை ஓதும் விழாவுக்குத் தேவாரம் பழகினாள். பரிசு ஒன்றும் வரவில்லை. வேனில் எல்லாரோடும் போய் வந்தாளே, அது போதும் எங்களுக்கு.

அம்மாக்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டில் படிக்க வைக்கிறது என்றால் கடைசியில் அது அம்மா தலையில்தான் விழும். எங்கள் வீட்டிலும் அம்மா வேலையை விட்டார்கள், அந்தச் சம்பளத்தை அப்பா ஓ.டி. போட்டுத்தான் ஈடு கட்டினார், முழுசாகக் கட்டவும் இல்லை. அதனால் செவ்வாய்க்கிழமை மத்தியானம் அம்மாவுக்கு விடுமுறை என்று வைத்தோம். பாட்டி பிள்ளையைப் பார்த்துக்கொள்வார்கள், அம்மா கோவிலுக்கு வந்து குத்துவிளக்குத் தேய்ப்பார்கள். அந்த மூன்று மணி நேரம் படிப்பைப் பற்றி யாரும் பேசக் கூடாது. விளக்கு தேய்ப்பதெல்லாம் ஒரு விடுமுறையா என்று அப்பா கேட்டார். நீங்கள் வந்து ஒரு நாள் தேய்த்துப் பாருங்கள் என்று பதில் வந்தது.

தம்பியைப் பற்றியும் சொல்ல வேண்டும். உடம்பு சரியில்லாத பிள்ளை மேலேயே எல்லார் கண்ணும் இருந்தால் நன்றாக இருக்கிற பிள்ளை வாடிப் போகும். “அக்காவுக்கு மட்டும் அப்பா டீச்சரா?” என்று ஒரு நாள் கேட்டான். அன்றிலிருந்து ஞாயிறு ராத்திரி அவனுக்கு மட்டும். படிப்பு இல்லை, கேரம் போர்டு.

சோதனைக்கு மகளைத் தனியார் தேர்வாளராகப் பதிந்தோம், சாலோன் பெர்செண்டிரியான் என்பார்கள். பதிவு நாள் முன்கூட்டியே முடிந்து விடும், பள்ளி மாதிரி யாரும் நினைவு படுத்த மாட்டார்கள், கட்டணமும் நாமே கட்ட வேண்டும். பள்ளிப் பிள்ளைகள் எடுக்கிற அத்தனை பாடமும் எடுக்கவில்லை, ஆறுதான். அதிலும் நிறையப் பேர் “ஆறு எதுக்குப் பத்தும்” என்றார்கள். மூட்டு வலியோடு மூன்று மணி நேரம் எழுதுகிற கை அவர்களுடையது இல்லையே.

2025 ஜனவரியில் எழுத்துத் தேர்வு நடந்தபோது தினமும் குடை, தொப்பி, நீளக்கை சட்டை, மருந்து டப்பா. ஒரு தாளுக்கு முன் இரவு காய்ச்சல் அடித்தது, காலையில் இறங்கி விட்டது. ஏப்ரலில் முடிவு வந்தது. ஆறும் தேர்ச்சி. மலாய்மொழி கிரெடிட். கணிதம் ஏ. தமிழ் ஏ. செஜாரா சி. அந்த சியைப் பார்த்துப் பாட்டிதான் அதிகமாகச் சந்தோசப்பட்டார்கள், தான் எழுதிப் பாஸ் பண்ணின மாதிரி பாசாரில் எல்லாரிடமும் சொல்லி விட்டார்கள்.

நோய் போய் விடவில்லை. மருந்து நடக்கிறது, வருடத்துக்கு ஒரு தடவை கண் பரிசோதனையும் நடக்கிறது. ஆனால் மருந்தின் அளவு குறைந்திருக்கிறது, முகமும் பழையபடி ஆகிக்கொண்டு வருகிறது. இப்போது அவள் ஆறாம் படிவம் போகிறாள், பள்ளிக்கே, சீருடை போட்டுக்கொண்டு. சபை கூடலுக்கு வெயிலில் நிற்காமல் இருக்க அனுமதி வாங்கியிருக்கிறோம். முதல் நாள் காலை எட்டு மணிக்கு வீட்டில் அம்மாவுக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லையாம், கணக்குப் புத்தகத்தைத் திறந்து தேதி மட்டும் எழுதி மூடி வைத்திருக்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை கேட்ட தம்பதிக்கு: நாலாம், ஐந்தாம் படிவப் பயிற்சிப் புத்தகங்கள், பழைய சோதனைத் தாள்கள் எல்லாம் ஒரு பெட்டியில் கட்டி வைத்திருக்கிறோம். வருகிற ஞாயிறு காலை பூசைக்குப் பிறகு மண்டபத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஆசிரியை அம்மாவிடமும் சொல்லியாகி விட்டது, மகனை அழைத்துக்கொண்டு வரச் சொன்னார்கள், நாற்காலி இருக்கிறதாம். புத்தகங்களைத் திருப்பித் தர வேண்டாம், அடுத்த பிள்ளைக்குக் கொடுங்கள். பெட்டி மட்டும் கோவில் பெட்டி, அன்னதானத் தட்டு வைக்கிறது, அதை மறக்காமல் கொண்டு வந்து விடுங்கள். பொருளாளர் இப்போதே இரண்டு தடவை கேட்டு விட்டார்.